அழகர்கோவிலுக்குப் போன கை

ஒரு கையை வயர் கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டு போன அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரையிலிருந்து அழகர்கோவில் பஸ் ஏறினேன். மடியில் கூடை, கூடைக்குள் துண்டில் சுற்றிய கை. பக்கத்தில் இருந்த அம்மாள், "கூடையில என்னம்மா, பழமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பஸ் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போயிருக்கும்.

அது அலுமினியத்தாலும் ரப்பராலும் செய்த கை. நான் செய்தது. இப்படிச் சொன்னால் எங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்காது, நாங்கள் செய்தது என்று திருத்திக்கொள்கிறேன். மதுரைக்கு வெளியே இருந்த பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்துறையில் விரிவுரையாளராக இருந்தேன். ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்திருந்தேன். துறையில் எல்லோருக்கும் பெரிய மோட்டார்கள் மேல்தான் ஆசை. எனக்கும்தான். ஆனால் "புடவை மாட்டிக்கும், உங்களுக்கு வேண்டாம்மா" என்று சொல்லி என்னை அந்த மோட்டார்க் கூடத்துப் பக்கமே அண்டவிடவில்லை. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். அப்படியானால் உலகத்திலேயே சின்ன மோட்டாரை எடுத்துக்கொண்டு வேலை செய்கிறேன் என்று கிளம்பினேன். பழைய ஜப்பான் டேப் ரிக்கார்டர் ஒன்றைப் பிரித்து அதன் மோட்டாரைக் கழற்றினேன். அந்த வீம்பில் பிறந்ததுதான் அந்தக் கை.

அது வேலை செய்யும் விதம் ஒன்றும் மாயமில்லை. நாம் தசையை இறுக்கும்போது தோலின் மேல் மிகச் சிறிய மின்சாரம் எழும். கை துண்டாகிப் போனவருக்கும் மிச்சமிருக்கும் தசையில் அது எழும். அதைத் தோலில் ஒட்டிய வில்லைகளால் பிடித்து, பெரிதாக்கி, மோட்டாருக்கு அனுப்பினால் ரப்பர் விரல்கள் மூடும், திறக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தபோது பக்கத்து அறையில் யாராவது பெரிய மோட்டாரைப் போட்டாலே என் கை மேஜையில் கிடந்தபடி தானாக மூடித் திறந்தது. சரஸ்வதி பூஜைக்கு எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அட்டெண்டர் அதற்கும் வைக்கப்போய், அது விரலை மடக்கியதைப் பார்த்துக் குங்குமக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார்.

கை இருந்தது, மாட்டிக்கொள்ள ஆள் இல்லை. பெரியாஸ்பத்திரி எலும்பு டாக்டர் ஒருவர்தான் ஒருவரை அனுப்பி வைத்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், பஸ் கண்டக்டர். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ரோட்டோரம் நின்ற லாரி உரசி, இடது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்திருந்தார்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். முதல் நாள் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தவர், பஸ்ஸில் கூட்டத்துக்குள் நுழைகிறவர் போல ஒருக்களித்து வந்து நின்றார்.

வில்லைகளை ஒட்டுவதற்கு அவர் கையை நான் பிடிக்க வேண்டும். கல்யாணமாகாத பெண், முன்பின் தெரியாத ஆணின் கையைப் பிடித்து ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறாள் என்றால் அந்த நாளில் அது சின்ன விஷயமில்லை. அட்டெண்டர் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டு இருமிக்கொண்டே இருந்தார். கண்டக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நர்ஸ் ஊசி போட்டா இப்படித்தான் திரும்பிக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"ஊசின்னாலும் திரும்பிக்குவேன் டீச்சர்."

அதற்கப்புறம் வெட்கம் போய்விட்டது, இரண்டு பேருக்கும்.

போன விரல்கள் இன்னும் இருப்பதாக நினைத்து அவற்றை மடக்கப் பாருங்கள், விரிக்கப் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். ஒருநாள் அவராகவே தனக்குள் "ரைட், ரைட்" என்று முணுமுணுத்தார். கை மூடியது. "ஹோல்டான்" என்றார். நின்றது. அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் அதுவே பாஷையாகிவிட்டது. துறைத் தலைவர்கூட எட்டிப் பார்த்து, "என்ன, இன்னைக்கு ரைட்டா, ஹோல்டானா?" என்று கேட்பார். சிரிக்காத மனிதர், அதைக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் சிரிப்பார்.

வாரா வாரம் வந்தார். சில மாதங்களில் டம்ளரை எடுத்துக் கொடுக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். அப்படி ஒருநாள் வேலை முடிந்து கையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"டீச்சர், இந்தக் கை வெளிய வருமா?"

"எங்க?"

"அழகர்கோவிலுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார். அவருக்கு ஒரே தங்கை. அப்பா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். தங்கைக்குப் பெண் குழந்தை. கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தப்போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். அந்த இடம் வேறு யாருக்கும் இல்லை.

"அங்கதான் பேச்சு வந்துச்சு. தங்கச்சி மாமனாரு நல்ல மனுசன், கோவமால்லாம் பேசல. 'புள்ள துள்ளும் மாப்ள, ஒத்தக் கையில எப்படிப் புடிப்ப? ஒன் சித்தப்பன் மகன் ஒக்காரட்டும், நீ பக்கத்துல நில்லு'ன்னாரு. தோள்ல கையப் போட்டுத்தான் சொன்னாரு." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வஞ்சிருந்தாலும் பரவாயில்ல டீச்சர். பதிலுக்கு ரெண்டு வார்த்தை வஞ்சிட்டு வந்திருப்பேன்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை என்னவோ செய்தது. என்னை அந்த மோட்டார்க் கூடத்துக்குள் விடாதவர்களும் தன்மையாகத்தான் பேசினார்கள். கொண்டு வருகிறேன் என்று யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு பயிற்சி. குழந்தையின் தலையை அழுத்தாமல் பிடிக்க வேண்டும். எதை வைத்துப் பழகுவது? வீட்டிலிருந்து தக்காளி கொண்டு போனேன். நன்றாகப் பழுத்தது, லேசாக அழுத்தினாலே சாறு விடுகிற பழம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் ஃபேன் ஓட, நிதானமாக "ரைட்" சொல்லி எடுப்பார், "ஹோல்டான்" சொல்லிப் பிடித்திருப்பார், வைப்பார். தோலில் ஒரு கோடு விழாது. அம்மா மட்டும் வீட்டில், "ரசத்துக்கு வச்ச தக்காளியெல்லாம் எங்கடி போகுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது தலைகால் புரியாத பெருமை. தக்காளியையே நசுக்காத கை, குழந்தையை என்ன செய்துவிடப் போகிறது.

ஒரு மாலை அவர் தக்காளியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கூடத்தில் யாரோ இரும்புச் சாமானைக் கீழே போட்டார்கள். டமார் என்று சத்தம். நான் துள்ளிவிட்டேன். அவரும் திடுக்கிட்டார். ரப்பர் விரல்கள் ஒரே மூடாக மூடின. சாறு என் புடவையில் தெறித்தது, சுவரிலும் தெறித்தது.

இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். அது நசுக்கியதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தக்காளி அழாது. நான் அழாத ஒன்றை வைத்து வாரக்கணக்கில் பழக்கியிருக்கிறேன். காதில் ஊசி இறங்கினால் பிள்ளை வீறிடும். வீறிட்டால் மாமனுக்கு உடம்பெல்லாம் இறுகும். என் கைக்குத் தெரிந்தது தசை இறுகுவது மட்டும்தான். பாசத்தில் இறுகினாலும் பயத்தில் இறுகினாலும் அதற்கு ஒன்றே, மூடும். பாசம் அதிகமாக இருந்தால் அதிகமாகவே மூடும்.

அடுத்த சில வாரங்கள் சோறு தண்ணீர் மறந்து மின்சுற்றுகளை மாற்றி மாற்றி அமைத்தேன். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கச் செய்தால் அவர் வேண்டும்போதும் அது மூடவில்லை. வேண்டும்போது மூடச் செய்தால் திடுக்கிட்டாலும் மூடியது. எரிச்சலில் சால்டரிங் இரும்பைத் தூக்கி மூலையில் வைத்தேன். துறைத் தலைவர் வந்து நின்று பார்த்தார். "இதை வெளிய எடுத்துட்டுப் போறதே தப்பு. போய்த்தான் ஆகணும்னா கை போற இடத்துக்கெல்லாம் நீங்களும் கூடவே போங்க" என்றார். அது அனுமதியா எச்சரிக்கையா என்று தெரியவில்லை. அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் வழி ஒன்று தெரிந்தது. அந்தக் கையின் பல்சக்கர அமைப்பு அப்படி, மோட்டார் சுழன்றால் விரல் நகரும், ஆனால் விரலை வெளியிலிருந்து தள்ளினாலோ இழுத்தாலோ அசையாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டால் விரல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே பிள்ளையை மெதுவாக அணைத்துப் பிடித்ததும், ஊசி இறங்குவதற்கு முன்னால், இடுப்பில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட வேண்டியது. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு நடுங்கினாலும் கை மூடாது.

நான் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அணைச்சுட்டா அது கை இல்ல டீச்சர். கட்டை."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்ல?"

"கட்டைய வச்சுப் புடிச்சுக்க எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்கு இம்புட்டு நாளு வந்தேன்? அம்புட்டு சனமும் பாக்கும். மாமன் கட்டைய வச்சு ஒக்காந்திருந்தான்னு சொல்லும்."

எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு? எல்லோருக்கும் இருப்பது போல, தன் இஷ்டத்துக்கு அசைகிற ஒரு கையால் தங்கை பிள்ளையைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதை என்னால் செய்து கொடுக்க முடியவில்லை.

அதற்கடுத்த வாரம் வந்தார். வில்லைகளை ஒட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை காலைல. கொண்டாங்க டீச்சர்" என்றார்.

"சுவிட்சை அணைப்பீங்கதானே?"

"எம் மருமக அவ. எனக்குத் தெரியாதா" என்றார். அது சரி என்று சொன்ன பதிலில்லை என்பது எனக்குத் தெரியும். திரும்பக் கேட்க மனசு வரவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பேன். அவர் அணைக்காவிட்டால் பெட்டியிலிருந்து வயரை நானே பிடுங்கிவிடுவேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்தால் அதன் பிறகு அவர் என் முகத்தில் விழிக்கமாட்டார். இருந்தாலும் செய்யத்தான் வேண்டும்.

அப்படித்தான் கூடையோடு அழகர்கோவில் போய் இறங்கினேன். மலையடிவாரத்தில் எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலைகளும் பொங்கல் அடுப்புப் புகையும். வேன் ஒன்றின் மறைவில் நிறுத்தி அவருக்குக் கையை மாட்டினேன். வெள்ளை வேட்டி, புது முழுக்கைச் சட்டை. நாலைந்து பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "யாருடி இது, அண்ணனுக்குக் கையப் புடிச்சு விடுறா?" என்று கேட்டது காதில் விழுந்தது. வயரைச் சட்டைக்குள் விட்டு, பெட்டியை இடுப்பில் கட்டி, சுவிட்சைப் போட்டேன். பெட்டியில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

அவர் மாமன் சீர்த் தட்டை எடுத்தார். பட்டுப் பாவாடை, தோடு, பழம், வெற்றிலை பாக்கு. வலது கையால் ஒரு பக்கமும், நான் செய்த கையால் மறுபக்கமும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்து போய்த் தங்கையிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். விர்ரென்று மெல்லிய சத்தத்தோடு ரப்பர் விரல்கள் திறந்தன. தங்கை தட்டைப் பார்க்கவில்லை, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. எனக்கும்தான். தங்கையின் மாமனார் விரித்திருந்த ஜமுக்காளத்தைக் காட்டி, "ஒக்காரு மாப்ள" என்றார்.

உட்கார்ந்தார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு குழந்தையை மடியில் வைத்தார்கள். வலது கை அதன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தது. ரப்பர் கை தலையைச் சுற்றிப் போய், "ரைட், ரைட்" என்று அவர் உதடு அசைய, மெல்ல மெல்ல மூடி, தலையை அவர் நெஞ்சோடு சேர்த்து அணைத்தது. தக்காளியைப் பிடித்த அதே பதம். ஆசாரி காது மடலில் புள்ளி வைத்தார். கம்பியை எடுத்தார்.

நான் பின்னால் குனிந்து நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுற்றி நின்ற ஒருவரும் குழந்தையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அந்தக் கையின் மேல்தான். அவரும் நிமிர்ந்து அவர்களை ஒரு சுற்று பார்த்தார். அத்தனை நாள் அவர் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். ஆசாரி குனிந்தார். நான் வயரில் கை வைத்துவிட்டேன்.

அவர் குழந்தையின் கைகளை ஒரு நொடி விட்டார். வலது கை இடுப்புக்குப் போனது. விளக்கு அணைந்தது. "ஹோல்டான்" என்று தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடியும் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

கம்பி இறங்கியது. குழந்தை வீறிட்ட வீறிடலில் மரத்துக் குரங்குகள் கிளை தாவின. பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது, அவர் தோளிலிருந்து முழங்கை வரை சட்டைத் துணி நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மிச்சமிருந்த தசையெல்லாம் மூடு மூடு என்று கத்தியிருக்கும். கை மட்டும் அசையவில்லை. ஆசாரி பக்கம் மாறி உட்கார்ந்து இன்னொரு காதையும் முடித்தார். அதற்கும் அசையவில்லை.

வெல்லம் சேர்த்த காப்பரிசி கொடுத்துக்கொண்டு வந்த மாமனார் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மாப்ள. புள்ள அந்தத் துள்ளு துள்ளுது, ஒங் கை ஒரு ஆட்டம் ஆடலையே. ரெண்டு கை உள்ளவனுக்கே நடுங்கும்" என்றார்.

கண்டக்டர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சுவிட்சைப் பற்றி அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பந்திக்குக் கூப்பிட்டார்கள், கூட்டம் கலைந்தது. குழந்தை விக்கி விக்கி அப்படியே அவர் நெஞ்சில் தூங்கிப்போனது. ரப்பர் விரல்கள் தலையைச் சுற்றி நின்ற இடத்தில் நின்றன. சாயங்காலத்துக்குள் கையைக் கொண்டு போய்க் கூடத்தில் வைத்துப் பூட்ட வேண்டும். நான் கிட்டே போய்க் குனிந்து, "சுவிட்சைப் போடவா? விரலைத் திறந்துக்கலாம்" என்றேன்.

"வேணாம் டீச்சர். போட்டா சத்தம் வரும், முழிச்சிரும்" என்றார் மெதுவாக. "இப்படியே இருக்கட்டும்."

வயர் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். யாரோ என் கையில் காப்பரிசி கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம், அவள் தானாக விழிக்கும் வரை.